மேகமலைக்குத் தனியாகப் போய் நான் பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் முக்கால்வாசித் தப்பு என்னுடையதுதான். மீதிக் கால்வாசிக்கு ஒருத்தன் இருக்கிறான், அவனைப் பற்றி அப்புறம். போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம், தேனி மாவட்டத்து மேகமலையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறேன் பேர்வழி என்று மதுரையிலிருந்து கிளம்பிப் போய், 7,150 ரூபாயையும் இரண்டு நாள் லீவையும் தொலைத்துவிட்டு, காலெல்லாம் அட்டைக்கடியோடு வந்து சேர்ந்தேன். அம்மாவிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. போவதற்கு முன்னால் நானும் தேடிப் பார்க்காமல் இல்லை. எல்லாரும் மேகம், தேயிலை, வளைவு என்று படமாகப் போட்டிருந்தார்களே தவிர, "ஏம்மா, இதையெல்லாம் பார்த்துக்கோ" என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு வயது 47. வில்லாபுரத்தில் அம்மாவோடு இருக்கிறேன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஊரடங்கு நாளில் மொட்டை மாடியில் ஆரம்பித்த பறவை பார்க்கும் பழக்கம், பிறகு சாமநத்தம் கண்மாய், அரிட்டாபட்டி, வேட்டங்குடி என்று ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனது. இந்த மூன்று இடத்திலும் எனக்கு ஒரு சின்னச் சங்கடம்கூட வந்ததில்லை. வேட்டங்குடி 1977-லேயே சரணாலயம் ஆன இடம், மொத்தமே 38.4 ஹெக்டேர், கண்மாய்க் கரையில் நின்றால் எல்லாம் கண் முன்னால். அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு வந்த வினை என்னவென்றால், சரணாலயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேகமலை அப்படி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டையும் மேகமலைக் காட்டையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நடுவில் தேயிலைத் தோட்டங்கள், தனியாருடையவை. தோட்டம் முடிகிற இடத்தில் காடு. வேலி கிடையாது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறியிருந்தால் பாதி வம்பு வந்திருக்காது.

கூட வருவதாக இருந்த தோழி கடைசி நேரத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டாள். ரூமுக்கு முன்பணம் 3,500 கட்டியாகிவிட்டது, போகாவிட்டால் போய்விடுமே என்று தனியாகவே கிளம்பினேன். அந்த ரூம் கதையைச் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். மேகத்துக்கு நடுவில் மர வீடு, கீழே ஒரு நம்பர். பேசியவன் ரொம்ப மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை அக்கா. ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப் போவோம், கேம்ப் ஃபயர் உண்டு, காலையில் ட்ரெக்கிங் உண்டு, எல்லாம் சேர்த்து 6,000, பாதிக்கு மேல் முன்பணம், ஜிபேயில் போட்டுவிடுங்கள் என்றான். போட்டேன். ரசீது கேட்டதற்கு "வாங்கக்கா, வந்து பாத்துக்கலாம்" என்றான். புலிகள் காப்பகத்தில் ராத்திரி ஜீப் சவாரியும் தீ மூட்டுவதும் எப்படி நடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ராத்திரி சவாரி, தீ மூட்டல், அனுமதி இல்லாத மலையேற்றம், இந்த மூன்றில் ஒன்றை எவனாவது வாய் கூசாமல் விற்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ஒன்று அவன் ஏமாற்றுகிறான், இல்லையென்றால் உங்களைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறான். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டிப் போகிறவன் ஓடிவிடுவான், மாட்டிக்கொள்வது நாம்தான்.

அம்மாவிடம் "தேனிக்குப் போறேன்மா, நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்" என்று மட்டும் சொன்னேன். மேகமலை என்றால் விடமாட்டார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே மணி ஒன்பதரை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, வீரபாண்டி என்று வழியெல்லாம் மழை, சின்னமனூரில் இறங்கும்போது ஒரு மணி ஆகப் போகிறது. அங்கிருந்து மேலே போகிற பஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒன்று அப்போதுதான் போயிருந்தது. வீட்டிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் கிடைத்திருக்கும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் 1,800 ரூபாய் பேசிக் கார் எடுத்தேன், ஒரு வழிக்கு மட்டும்.

அடிவாரத்தில் தென்பழனியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைதான் வண்டிகள் போகலாம். பிளாஸ்டிக், மது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெயர் எழுதிக்கொண்டு, எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார் அந்த வனக்காவலர். நான் அந்த மர வீட்டின் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படி ஒண்ணு மேல இல்லையே மேடம். ராத்திரி ஜீப்பா? ராத்திரியில இங்க ஒரு வண்டியும் ஓட விடமாட்டோமே." எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை தூரம் வந்து, இவ்வளவு பணம் போட்டு, அதுவும் கார் டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏமாந்தவளாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. "இல்ல சார், பேரூராட்சி விடுதியிலயும் சொல்லி வச்சிருக்கேன்" என்று பொய் சொன்னேன். இந்தப் பொய்க்குத்தான் எல்லா விலையும் கொடுத்தேன். சாவடியில் இருப்பவர்கள் நம்மைத் தடுக்கவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு நமக்கு. அந்த மலையில் யானை இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது என்று தெரிந்த ஆள் அவர்தான். அவரிடம் பொய் சொன்னால் நம்மைக் காப்பாற்ற வேண்டியவருக்கே நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போய்விடும்.

மலைப்பாதை அழகுதான், அதை மறைக்க முடியாது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நாலைந்து வளைவு வரை போனில் சிக்னல் இருந்தது, அப்புறம் ஒரு கோடுகூட இல்லை. என்னுடையது தனியார் சிம். மேலே பிஎஸ்என்எல் இருந்தால்தான் பேச்சு, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை என்று டிரைவர் தம்பி அப்போதுதான் சொன்னார். மேலே கடைத்தெரு மாதிரி இருந்த இடத்தில் இறக்கிவிட்டு, "அக்கா, ரூம பாத்துட்டு வாங்க, நான் வேணா கொஞ்ச நேரம் நிக்கிறேன்" என்றும் சொன்னார். காத்திருப்புக்குக் காசு கேட்பாரோ என்று அனுப்பிவிட்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள். தங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் வந்த வண்டியை அனுப்பவே அனுப்பாதீர்கள், இருநூறு முந்நூறு கூடப் போனாலும் பரவாயில்லை.

டீக்கடையில் விசாரித்தேன். மர வீட்டுப் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எங்கயோ கேரளாவுலல்ல எடுத்துருக்கான்" என்று சிரித்தார். எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் இதே படத்தோடு வந்தார்களாம். பேரூராட்சி விடுதிக்குப் போனால் அன்றைக்கு ரூம் இல்லை, தீபாவளி லீவு வாரம் ஆயிற்றே. மணி நாலு. கடைசி பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது, ஐந்து மணி வாக்கில் என்றார்கள். சரி, ஏமாந்தது ஏமாந்தாயிற்று, ஒரு மணி நேரம் பறவையாவது பார்ப்போம் என்று தோட்டச் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது. இருவாட்சியின் இறக்கைச் சத்தத்தை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும், பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி தலைக்கு மேலே ஹுஷ் ஹுஷ் என்று போகும். இதற்காகத்தானே வந்தேன். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார, ஆண் மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து அலகு இடுக்கு வழியாக ஊட்டும் என்று படித்ததிலிருந்தே ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சத்தம் போன திசையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை சோலைக்குள் இறங்கியது. நானும் இறங்கினேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பைனாகுலரில் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் காலைப் பார்க்கவில்லை. கணுக்காலில் என்னவோ ஈரமாக இருக்கிறதே என்று குனிந்தால் சாக்ஸ் சிவப்பு. இரண்டு காலிலுமாகச் சேர்த்து பதினோரு அட்டை, எண்ணினேன். பயத்தில் கையால் பிடித்துப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். செய்யக்கூடாதது அதுதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். வாய் ஒட்டியிருக்கும் இடத்தை நகத்தாலோ ஒரு அட்டையின் ஓரத்தாலோ, ஏடிஎம் அட்டையைச் சொல்கிறேன், மெதுவாக நெம்பினால் தானே விட்டுவிடும். நெருப்பு வைத்தாலோ உப்பைக் கொட்டினாலோ அது உள்ளே போனதைக் காயத்திலேயே கக்கிவிடும் என்றார். கடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க எச்சிலில் ஒன்றைக் கலந்துவிடுகிறது, அதனால் அட்டை போன பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம். எனக்கு இரண்டு வருஷமாக இதயத்துக்காக ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போடுகிறார்கள். நிற்கவே இல்லை. அப்படி மாத்திரை போடுகிறவர்கள் மழைக்காலத்தில் இந்த மாதிரிக் காட்டுக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முழங்கால் வரை ஏறுகிற, நெருக்கமாக நெய்த அட்டைச் சாக்ஸ் என்றே கடையில் விற்கிறார்கள். நான் போட்டிருந்தது ஆபீஸுக்குப் போடுகிற மெல்லிசு.

இதில் பஸ்ஸை மறந்தேவிட்டேன். மேலே சாலைக்கு ஏறி வரும்போது ஐந்தரை, மலையில் அந்த மாசத்தில் அதற்குள் இருட்டு கட்ட ஆரம்பித்துவிடுகிறது. வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த கொழுந்து எடுக்கும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்கள், கத்தவில்லை, ஆட்டத்தான் செய்தார்கள். பக்கத்தில் வந்த பிறகு ஒரு அக்கா தாழ்ந்த குரலில், "ஏம்மா, கீழ இருந்தா வர்ற? அங்க ஆனை நிக்குது. மூணு நாளாக் குட்டியோட நிக்குது" என்றார். நான் நின்ற சோலைக்கு அந்தப் பக்கம். வழியில் சாணத்தைப் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். கால் நடுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அழுதும் விட்டேன், அதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த அக்காதான் தன் லயன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப் போனார். ஒரு அறை, ஒரு சமையல் இடம், அதில் நாலு பேர், ஐந்தாவதாக நான். காலைக் கழுவி, சுத்தத் துணி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். அவர்களெல்லாம் வேலைக்குப் போகும்போது ஒரு குச்சி முனையில் உப்பு மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறார்கள், ஏறுகிற அட்டையை அதனால் தொட்டால் விழுந்துவிடுகிறது. கடிப்பதற்கு முன்னால் தொடுவதுதான் சூட்சுமம். ராத்திரி ரசமும் சோறும் போட்டார். பத்து மணி இருக்கும், வீட்டுக்குப் பின்னால் படபடவென்று ஒடிகிற சத்தம். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் போனில் டார்ச்சைப் போடப் போக, அந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வெளிச்சம் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அது வந்த வேலையை முடித்துவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் கொல்லையில் இருந்த மூன்று வாழையும் இல்லை. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, கால்கட்டை இரண்டு தடவை மாற்றினோம், அதைவிட அம்மாவை நினைத்துத்தான் தூங்க முடியவில்லை.

நினைத்தது சரியாகப் போயிற்று. காலை பஸ்ஸில் இறங்கும்போது, கீழ் வளைவுகளில் சிக்னல் வந்ததும் போன் அதிர ஆரம்பித்தது, 31 தவறிய அழைப்பு. ராத்திரி எட்டு மணியிலிருந்து அம்மா எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறார்கள், என் மேனேஜர் உட்பட. தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, எங்கே என்று தேடுவது என்று தெரியாமல் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. போகிற இடம், தங்குகிற இடம், வண்டி நம்பர், எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் பயப்பட வேண்டும், இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்தால் எனக்கு நடந்ததுதான்.

அந்த 3,500 போனது போனதுதான். 1930 என்ற எண்ணில் இணையவழிப் பண மோசடிக்குப் புகார் சொல்லலாம். ஏமாந்தது தெரிந்த உடனே கூப்பிட்டால் பணத்தை முடக்கி வைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு, நான் பணம் போட்டுப் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டாக்டருக்கும் மருந்துக்கும் 650. பைனாகுலருக்குள் ஈரம் இறங்கிக் கண்ணாடி மங்கி, பழுது பார்க்க 1,200. கார் வாடகையையும் சேர்த்தால் நான் முதலில் சொன்ன தொகை வரும். பஸ் காசை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இவ்வளவு பட்டும் தை மாசத்தில் மறுபடி போனேன். பைத்தியமா என்று அம்மா கேட்டார்கள். இந்தத் தடவை தம்பியும் வந்தான். நடப்பதற்கு வனத்துறையே வழி செய்திருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்கிற மாதிரி வைத்தார்கள், அதில் சின்னச்சுருளியிலிருந்து தென்பழனிக்குப் போகிற பாதையும் உண்டு. அந்தந்த மலையைச் சேர்ந்தவர்களே வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். எங்களோடு வந்த பையன், நான் மணிக்கணக்கில் தேடினாலும் கண்டுபிடிக்காத மலையணிலை நடந்துகொண்டே காட்டினான். கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்று எனக்கும் தோன்றியது, ஆனால் நான் ஒரே நாளில் விட்ட பணத்தைவிடக் குறைவுதான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் போய் நின்று சண்டை போடாதீர்கள். இதே தேனி மாவட்டத்தில் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகள் இவை. முதல் தடவையாகப் பறவை பார்க்கப் போகிறவர்கள், மழையில் நேராக மேகமலைக்கு ஓடாமல், ஒரு வருஷம் வேட்டங்குடியிலும் அரிட்டாபட்டியிலும் காலைப் பழக்கிவிட்டுப் போனால் நல்லது. அரிட்டாபட்டி நம் மேலூர்ப் பக்கம்தான், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை இருக்கிற மலை.

நடை முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் மேலே போனோம். முதல் தடவை அங்கிருந்து கிளம்பும்போது அந்த லயன் வீட்டு அக்காவிடம் 500 ரூபாயை நீட்டியதற்கு வாங்க மாட்டேன் என்றுவிட்டு, "அடுத்த வாட்டி வந்தா மதுரை மல்லி வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தார். தை மாச முகூர்த்தத்தில் மல்லி விலை உங்களுக்கே தெரியும். நாலு முழம் வாங்கி வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு இரண்டு நாள் காப்பாற்றிக் கொண்டுபோனேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாதி வாடிருச்சேம்மா" என்றார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார், மீதியைத் தலையில் வைத்துக்கொண்டார். கொல்லையில் புதிதாக இரண்டு வாழைக்கன்று. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், தம்பிதான் மணி மூணாச்சு, பஸ் போயிரும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான்.